மாதிரித் துணியும் விண்ணப்பத் தாளும்: செஞ்சி வட்டாரத்திலிருந்து ஃபேஷன் துறைக்குள் நுழைதல்

கேள்வி

செஞ்சியிலோ மேல்மலையனூரிலோ அரசுப் பள்ளியில் படித்து, பிறகு ஆடை வடிவமைப்பில் பட்டயமோ பட்டமோ பெற்ற ஒரு பெண் ஃபேஷன் துறையில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். வேலை கிடைப்பதிலும் கிடைக்காமல் போவதிலும் அந்த விண்ணப்பத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு? விண்ணப்பத்தைச் சாமர்த்தியமாக எழுதினால் கதவு திறக்கும் என்று வேலைவாய்ப்பு வழிகாட்டிகள் சொல்கிறார்கள். உள்ளே ஆள் இருந்தால்தான் திறக்கும் என்று ஊர் சொல்கிறது. இரண்டுமே பாதி உண்மைகள். எந்த வேலைக்கு எது செல்லும், ஏன் செல்லும் என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணுக்கு உதவக்கூடிய விடை கிடைக்கும்.

செஞ்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் இருப்பிடம். ஊரின் பொருளாதாரம் நெல்லையும் மணிலாவையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தையும் சுற்றியது. ரயில் இல்லை, திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே நிற்கிறது. ஆனால் ஊரைச் சுற்றி எங்கும் துணியும் தோலும்தான். வடக்கே ஆரணிப் பட்டு, அதையும் தாண்டிக் காஞ்சிபுரம். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் லோட்டஸ் ஃபுட்வேர் நிறுவனம் நைக்கிக்குக் காலணி தைக்கிறது. கிழக்கே புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் தோல்பைகள் செய்கிறது. செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில்லில், தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்டில் படித்த உமா பிரஜாபதி 1997இல் தொடங்கிய உபாசனா ஆடை நிறுவனம் இயங்குகிறது. மேற்கே தொலைவில் திருப்பூர். இத்தனைக்கும் நடுவில் இருக்கும் ஊரிலிருந்து இந்தத் துறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தையல் இயந்திரத்தின் முன்னாலோ சோதனை மேசையின் முன்னாலோதான் உட்காருகிறார்கள். வடிவமைப்பு, மாதிரி தயாரிப்பு, வாங்குபவரான பையருடன் பேசும் மெர்ச்சன்டைசிங் ஆகியவை உள்ள மாடிக்கு ஏறுகிறவர்கள் மிகக் குறைவு. அந்த மாடிப்படிதான் இங்கே ஆராயப்படுகிறது.

இதுவரையான விளக்கங்கள்

முதல் விளக்கம் வழிகாட்டி நூல்களுடையது. ஒரே தாளை நூறு நிறுவனங்களுக்கு அனுப்பாதே, நிறுவனத்தைப் படித்து அதற்கேற்ப எழுது, அவர்கள் விளம்பரத்தில் உள்ள சொற்களை உன் தாளிலும் கொண்டுவா, படைப்புகளைத் தொகுத்து போர்ட்ஃபோலியோவாகக் காட்டு, பதில் வராவிட்டால் மீண்டும் எழுது. இவை அனைத்தும் நல்ல அறிவுரைகளே. எல்லா விண்ணப்பதாரரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்று இவை எடுத்துக்கொள்வதுதான் குறை.

இரண்டாவது விளக்கம் சமூகவியலுடையது. அமெரிக்காவின் நியூட்டன் நகரில் தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை ஆராய்ந்து மார்க் கிரானோவெட்டர் 1974இல் வெளியிட்ட நூலில், அவர்களில் 56 விழுக்காட்டினர் தெரிந்தவர்கள் மூலமே வேலை பெற்றதாகக் கண்டார். அந்தத் தெரிந்தவர்கள் நெருங்கிய உறவினர்களாக இல்லாமல், எப்போதோ பழகிய தூரத்து அறிமுகங்களாக இருந்தார்கள் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறொரு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும். திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதிய ஆய்வு நூல் (2004), அங்கே விவசாயப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் சமூகத் தொழிலாளர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதைக் காட்டுகிறது. உழைப்பைப் போலவே உறவும் ஊரும் சாதியும் அங்கே முதலாகச் சேர்ந்தன. செஞ்சியிலிருந்து போகிறவருக்கு அந்த வலையில் கண்ணி கிடையாது. ஊரில் அவருக்கு உறவு நிறைய உண்டு. ஃபேஷன் துறைக்குள் தூரத்து அறிமுகம் ஒன்றுகூட இல்லை. ‘ஆள் இல்லை’ என்று ஊர் சொல்வதன் துல்லியமான பொருள் இதுதான்.

மூன்றாவது விளக்கம் பாகுபாட்டைப் பற்றியது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியது. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எழுதியது ஒன்றேதான். வாசித்தவர்கள் பெயரை வாசித்தார்கள். விண்ணப்பத்தைத் திருத்தினால் போதும் என்று சொல்கிற எவரும் இந்த எண்களைக் கடந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதே வகையில் டெல்லி வட்டாரத்தில் அபிஜித் பானர்ஜி, மரியான் பெர்ட்ரண்ட், சௌகதோ தத்தா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் செய்து 2009இல் வெளியான ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. மென்பொருள் வேலைகளில் சாதியால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில், குறிப்பாகப் பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்கு, அழைப்பு குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திறமையை நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடிகிற இடத்தில் பெயரின் கனம் குறைகிறது. பேச்சு, தோரணை, ‘நம்மோடு பொருந்துவாரா’ என்பது போன்ற, அளக்க முடியாதவற்றைக் கொண்டு தேர்வு நடக்கும் இடத்தில் கனம் கூடுகிறது. இது என் வாசிப்பு. அந்த ஆய்வுகள் ஃபேஷன் துறையைத் தொட்டவை அல்ல. இருந்தாலும் ஃபேஷன் துறைக்கு இதைவிடப் பொருத்தமான துப்பு வேறில்லை என நினைக்கிறேன். ஏனென்றால் அந்தத் துறைக்குள் இரண்டு வகை வேலைகளும் அருகருகே உள்ளன. ‘ரசனை’ என்ற பெயரில் குடும்பத்தையும் பள்ளியையும் ஆங்கிலத்தையும் எடைபோடும் வேலைகள் ஒரு பக்கம். துணியை மேசையில் விரித்து டேப் வைத்து அளந்துவிடக்கூடிய வேலைகள் மறுபக்கம்.

ஒரு பழைய சாட்சி

அளந்து பார்த்து எடுப்பது இந்தச் சோழமண்டலக் கரைக்குப் புதிதன்று. 1608இல் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய அனுமதி பெற்றது துணிக்காகத்தான். சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்கிந்தியத் தீவுகளில் மசாலா வாங்க முடிந்தது. 1690இல் செஞ்சிக் கோட்டைக்குள் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பெனி விலைக்கு வாங்கியது. அதுவே புனித டேவிட் கோட்டை. கோட்டை மதில்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, இந்த ஊர் அரசியலின் பின்னால் இவ்வளவு துணி இருந்தது தெரியாமலே போகிறது.

அந்த வணிகத்தில் மாதிரித் துணியே அளவுகோல். கும்பெனி மாதிரியை அனுப்பும். தலைமை வணிகர் முன்பணம் வாங்கி நெசவாளருக்குப் பிரித்துக் கொடுப்பார். நெய்து வந்ததை மாதிரியோடு ஒப்பிட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். தேறாதது திரும்பும், அல்லது விலை குறையும். நெசவாளரின் பேச்சோ தோற்றமோ கணக்கில் வரவில்லை. ஆனால் அவருடைய பெயரும் கணக்கில் வரவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கும்பெனிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை இடையில் நின்ற வணிகர்களின் பெயர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதிய நூல் (2001) இன்னொன்றையும் எடுத்துக்காட்டுகிறது. வாங்குபவர் பலர் இருந்தவரை நெசவாளருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகவும், வேறு ஊருக்குக் குடிபெயரவும் முடிந்தது. ஆங்கிலேயக் கும்பெனி அரசாக மாறி மற்ற வாங்குபவர்களை விலக்கியபின் அந்த வலு போயிற்று. நெய்த துணியின் தரம் அப்படியே இருந்தும் நெய்தவரின் நிலை இறங்கியது. மாதிரி நன்றாக இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு இது எச்சரிக்கை. அதை எத்தனை பேரிடம் கொண்டுபோக முடிகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

திருப்பூர் எதைப் படிக்கிறது

1970களின் இறுதியில் இத்தாலிக்கு நேரடி ஏற்றுமதி தொடங்கியபின் பனியன் ஊராக இருந்த திருப்பூர் உலகச் சந்தையோடு இணைந்தது. இன்று அதன் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். ஃபேஷன் என்றதும் மேடையும் ஒளியும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் அந்தத் துறை உண்மையில் ஆள் எடுக்கும் இடம் இதுவும் சென்னையின் ஏற்றுமதி நிறுவனங்களும் பையிங் ஹவுஸ்களும்தான்.

இங்கே மூன்று வகையாக ஆள் எடுக்கிறார்கள். டைலர், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங் போன்றவற்றுக்கு விண்ணப்பமே கிடையாது. ஆதாரைக் காட்டி, ஏஜென்ட் மூலமோ ஊர்க்காரர் மூலமோ போய், இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக் காட்ட வேண்டும். இந்த வாசலின் ஆபத்துகள் தனி. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்று சொல்லி விடுதியில் அடைத்துவைத்த ‘சுமங்கலித் திட்டம்’ எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை அறிந்தவர்கள், ஏஜென்டின் வாக்குறுதியை எழுத்தில் கேட்கச் சொல்லாமல் எந்தப் பெண்ணையும் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள்.

இரண்டாவது, பேட்டர்ன், கணினிவழி வடிவமைப்பு (கேட்), சாம்பிளிங், தரக்கட்டுப்பாடு, மெர்ச்சன்டைசிங் உதவியாளர் வேலைகள். செஞ்சிப் பெண்ணுக்கு விண்ணப்பம் உதவும் இடம் இதுதான். அதனால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

வழக்கமான தாளில் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர் என்ற வரிகள் இருக்கும். படிக்கிறவர் இவற்றை நம்புவதற்கும் இல்லை, மறுப்பதற்கும் இல்லை. இந்த வரிகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு வட்டக்கழுத்து டி-சர்ட்டை வைத்துப் பார்ப்போம். விண்ணப்பதாரர் அதைத் தானே வெட்டித் தைத்திருக்கிறார். முன்புறமும் பின்புறமும் கோட்டுப்படம், அளவுப் பட்டியல், எந்த அளவில் எவ்வளவு கூடுதல் குறைவு ஏற்கலாம், எந்தத் தையல் எந்த இடத்தில். பிறகு துணிக் கணக்கு: உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பின் அரைச்சுற்று 54, தையலுக்கு 4, ஆக 58. முன், பின் இரண்டுக்கும் 116. 104ஐ 116ஆல் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ., அதாவது 1.2 சதுர மீட்டர். துணி 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்றால் 193 கிராம். கழிவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 212 கிராம். ஒரு கிலோ துணியில் நான்கு சட்டை வரும், ஐந்து வராது.

இந்த ஒரு பக்கம் மெர்ச்சன்டைசர் அன்றாடம் செய்யும் வேலையின் மையம். காஸ்ட்டிங் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பீஸுக்கு 10 கிராம் தவறினால் லட்சம் பீஸ் ஆர்டரில் ஒரு டன் துணி தவறிப்போகும். இதைச் செய்து காட்டியவரின் தந்தை என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டிய தேவை குறைகிறது. கேட்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு முன்னால் பேசுவதற்கு வேறொன்று மேசையில் இருக்கிறது. முதல் துவைப்புக்குப் பின் நீளம் எவ்வளவு சுருங்கியது, கழுத்துப் பட்டி ஏன் அலையடித்தது, அடுத்த மாதிரியில் அதை எப்படிச் சரிசெய்தார் என்ற இரண்டு வரிகளும் சேர்ந்தால், வேலை தெரிந்த ஒருவரை அந்தத் தாள் நின்று படிக்கவைக்கும். அந்தத் தாளை மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல் சாம்பிளிங் பிரிவின் பொறுப்பாளருக்கும் அனுப்புவதும், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் ஒருநாள் ட்ரையல் கேட்பதும் இதன் தொடர்ச்சி. டைலரை இயந்திரத்தில் உட்கார வைத்துப் பார்க்கும் நேர்மையான வழக்கத்தை மாடிக்கும் கேட்டு வாங்குவதுதான் அது.

ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பக் கூடாது என்ற நெசவாளர் பாடம் இங்கே பொருந்தும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது அமெரிக்க ஆர்டரை மட்டும் சார்ந்திருந்த நிறுவனங்களே அதிகம் தடுமாறின. விண்ணப்பிக்கிறவர் நிறுவனத்தின் பையர் எந்த நாட்டவர் என்று விசாரிப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மூன்றாவது வகை, ‘டிசைனர்’ என்ற பலகை தொங்கும் வேலைகள். இவை எண்ணிக்கையில் சிறியவை. ரசனை, ஆங்கிலம், கல்லூரிப் பெயர் ஆகியவற்றின் பிடி இங்கே இறுக்கம். தொடக்கத்திலேயே இதற்கு மட்டும் விண்ணப்பித்துப் பதில் வராமல் மனமொடிந்து, துறையையே விட்டுவிடுகிற பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தவறு அவர்களுடைய தாளில் இல்லை. மூன்று வாசல்கள் உண்டு என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வந்தவாசியும் கான்பூர்ப் பக்கத்துக் கிராமமும்

ஆனாலும் மூன்றாவது வாசலைச் சிற்றூரிலிருந்து போனவர்கள் கடந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் கான்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ராகுல் மிஸ்ரா இயற்பியல் படித்து, பின் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 2006இல் லாக்மே ஃபேஷன் வாரத்தின் புதியவர்களுக்கான மேடையில் அவர் காட்டியது கேரளக் கைத்தறி முண்டுத் துணியிலான ஆடைகள். 2014இல் சர்வதேச வுல்மார்க் பரிசு பெற்றார்.

செஞ்சிக்கு வடகிழக்கே, பேருந்தில் எட்டிவிடும் தூரத்தில் உள்ள வந்தவாசியைச் சேர்ந்த வினோ சுப்ரஜா கட்டடக்கலை படித்தவர். துபாயில் இருந்து இயங்குபவர். லண்டன் ஃபேஷன் வாரத்தில் அவர் தெருக்கூத்தை அடிப்படையாகக் கொண்ட ஆடை வரிசையை வழங்கினார். பின்னர் பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு, 2025இல் அதை நெய்யும் நெசவாளர் ஒருவரையே லண்டன் மேடையில் நடக்கவைத்தார். முந்நூறு ஆண்டுக் காலம் வணிகர் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த நெசவாளர் பெயரோடும் முகத்தோடும் முன்னால் வந்த தருணமாக அதைப் பார்க்கிறேன்.

இவ்விருவரையும் முன்மாதிரியாக நிறுத்தி ‘உன்னாலும் முடியும்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆய்வுக்கு அது போதாது. ஒருவரிடம் தேசிய நிறுவனத்தின் கல்வி இருந்தது. இன்னொருவரிடம் தொழிற்கல்விப் பட்டமும் வெளிநாட்டு வாழ்க்கையும் இருந்தன. அவர்களிடமிருந்து செஞ்சி மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடியது வேறொன்று. இருவரும் தங்கள் படைப்புக்குப் பொருளை மற்றவர்கள் அறியாத இடத்திலிருந்து எடுத்தார்கள். மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் அங்காளம்மன் வேடம் கட்டுகிறவர்களின் உடை, கூத்துக் கலைஞரின் கிரீடமும் புஜக்கட்டையும், ஆரணித் தறியில் கரை இணைக்கும் முறை ஆகியவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவருக்கு உள்ள அறிவு பெருநகரக் கல்லூரியில் கிடைக்காது. போர்ட்ஃபோலியோவில் பாரிஸ் கவுன்களைப் பார்த்து வரைந்த படங்களை நிரப்புகிறவர், தனக்கு மட்டுமே உள்ள சாட்சியத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். அதேசமயம், புஜக்கட்டை எந்த மரத்தில் செய்யப்படுகிறது, எப்படிக் கட்டப்படுகிறது, செய்கிறவர் யார் என்று ஆவணப்படுத்தாமல் அலங்காரமாக மட்டும் எடுத்து ஒட்டினால், அது கூத்தையும் காட்டாது, ஆடையையும் காட்டாது.

விண்ணப்பதாரர் கையில் இல்லாதவை

இதுவரை சொன்னவற்றில் விண்ணப்பதாரர் தானே செய்யக்கூடியவை பல. செய்ய முடியாதவற்றை அவர் தலையில் கட்டுவது அநீதி. டி-சர்ட் மாதிரி தைக்க ஓவர்லாக் இயந்திரம் வேண்டும். கேட் பயிலக் கணினியும் மென்பொருளும் வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இவற்றைத் தொட்ட பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்கிய மறுநாளிலிருந்து அவை கிடைப்பதில்லை. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது முதல் திறன் பயிற்சி பற்றி நிறையப் பேசப்படுகிறது. படித்து முடித்தவர்கள் மாலை நேரத்தில் வந்து மாதிரி தைத்துக்கொள்ளும் ஒரு சாம்பிள் அறை வட்டத் தலைநகரங்களில் இருந்தால், அது பல பயிற்சி வகுப்புகளைவிடப் பயன் தரும் என்பது என் துணிபு.

படிப்புக்கான வாசல் இன்னும் குறுகியது. 1986இல் டெல்லியில் தொடங்கப்பட்ட நிஃப்டின் சென்னை வளாகம் 1995 முதல் தரமணியில் இருக்கிறது. நான்காண்டுப் படிப்பின் கட்டணம் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவித்தொகை உண்டு என்றாலும், அதை அறிந்து உரிய காலத்தில் கேட்டுப் பெறுவதற்கே ஒரு வழிகாட்டி வேண்டியிருக்கிறது. நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி வரைந்து காட்டுவது. அதைத் தாண்டிய வடிவமைப்பு மாணவர்களுக்குக் கொடுத்த பொருள்களை வைத்து ஒன்றைச் செய்து காட்டும் தேர்வும் உண்டு. இவை இரண்டும் கையை நேரடியாகப் பார்க்கும் நல்ல தேர்வுகள். ஆனால் பொதுத் திறன் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கணக்கும் அறிவியலும் படித்த செஞ்சி மாணவியின் எண்ணறிவையும் தர்க்க அறிவையும் அந்தத் தாள் அளப்பதற்கு முன்பே அவருடைய ஆங்கிலத்தை அளந்துவிடுகிறது. ஆங்கிலம் இந்தத் துறைக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அதைத் தனியாகச் சோதிக்க அதே தேர்வில் இடமும் இருக்கிறது. 2024 முதல் இந்தத் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்துவதும் அதே முகமைதான்.